பேர் விழாத எண்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வருகிற பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறிப் பதுளைப் பக்கம் போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. அந்தச் சந்திக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இன்று இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். இலக்கியத் தொடரில் பேச அழைத்தவர்கள், நான் கம்பனைப் பற்றியோ நம்மவர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றியோ பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் இன்றைக்கு நான் பேசப் போவது ஓர் எண்ணைப் பற்றி.

தமிழாசிரியருக்கும் எண்ணுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு பழையது. பெரிய எண்களின் பெயர்கள் ஐ, அம், பல் என்று முடியும்போது அவை மற்றச் சொற்களோடு எப்படிப் புணரும் என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே விதி சொல்லியிருக்கிறார். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை உரையாசிரியர்கள் அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். கோடிக்கு அப்பாற்பட்ட எண்களுக்குப் பூவின் பெயரையும் பெருகிவரும் நீரின் பெயரையும் வைத்துப் பழகியவர்கள் நம் முன்னோர். பின்னாளில் காரிநாயனார் கணக்கையே செய்யுளாகப் பாடிக் கணக்கதிகாரம் என்று ஒரு நூல் செய்தார். ஆகவே நான் எல்லை தாண்டி வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

அருகில் காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்கிறேன். 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. கோடி, இலட்சம் என்று பிரிக்காமல் இலக்கங்களை வரிசையாக எழுதினால் 293318625600 என்று வரும். பன்னிரண்டு இலக்கங்கள்.

இந்த எண்ணை நான் வகுப்பறைக்குக் கொண்டுபோன கதையையும் சொல்லிவிடுகிறேன். கணித ஆசிரியர் விடுமுறையில் இருந்த ஒரு நாள், தரம் 11 பிள்ளைகளை ஒரு பாடவேளை பார்த்துக்கொள்ளும்படி என்னை அனுப்பினார்கள். அந்த நாட்களில் நான் கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பானேன் என்று வெண்கட்டியை எடுத்து இந்தப் பன்னிரண்டு இலக்கங்களையும் கரும்பலகையில் எழுதினேன். "இதில் என்ன விசேடம்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்கு நியாயமும் இல்லை. பார்வைக்கு அது ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் போலத்தான் இருக்கிறது.

அதனால் சிறிய எண்ணிலிருந்து தொடங்கினேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. பன்னிரண்டு தோசையை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். மூன்று பேருக்கும், நான்கு பேருக்கும், ஆறு பேருக்கும் பங்கிடலாம். பத்துத் தோசையை இரண்டு பேருக்கும் ஐந்து பேருக்கும்தான் பிய்க்காமல் கொடுக்கலாம். மூன்று பேர் வந்தாலே ஒன்று மிஞ்சி நிற்கும். பன்னிரண்டை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள், அதாவது அதன் காரணிகள், 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. பன்னிரண்டுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. கடைக்காரர் டசின் கணக்கில் விற்பதும், மணிக்கு 60 நிமிடம் என்று வைத்ததும், வட்டத்தை 360 பாகையாக வகுத்ததும் இந்தப் பங்கிடும் வசதியை நமக்குத் தருகின்றன.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்ணுக்கு இராமானுஜன் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார். வகுப்பில் நான் அதைப் 'பெரும்பகு எண்' என்று தமிழாக்கிச் சொன்னேன். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை வளர்ந்து போகிறது. மேலே போகப் போக இந்த எண்கள் அரிதாகிவிடும். கோடிகளுக்குள் போய்விட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய பெரிய வெட்டவெளிகள்.

நான் எழுதிய எண் அந்த வரிசையைச் சேர்ந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். தன்னாலும் ஒன்றாலும் மட்டும் வகுபடும் எண்ணை நம் பாடப்புத்தகம் முதன்மை எண் என்கிறது. தமிழகத்தில் பகா எண் என்பார்கள். நமது எண்ணுக்குள் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5 இரண்டு தடவையும், 7 இரண்டு தடவையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு தடவையும் பெருக்கப்பட்டிருக்கின்றன. ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பிறகு ஒன்று ஒன்றாக நான்கு. தேயிலை மலையில் வெட்டிய படிக்கட்டுப் போல இறங்கி வருகிறது, பாருங்கள். எல்லாப் பெரும்பகு எண்களும் இப்படித்தான் இறங்கும், ஒருபோதும் இடையில் ஏறாது என்பதை இராமானுஜன் நிறுவினார். 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்றவற்றிலெல்லாம் கடைசிப் படி ஒன்றாகவே இருக்கும் என்பதையும் நிறுவினார்.

காரணிகள் எத்தனை என்று எண்ணுவதற்கு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியின் எண்ணோடும் ஒன்றைக் கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். ஆறு ஏழாகிறது, நான்கு ஐந்தாகிறது, இரண்டு இரண்டும் மூன்று மூன்றாகின்றன, ஒன்றுகள் நான்கும் இரண்டுகளாகின்றன. ஏழைந்து முப்பத்தைந்து. அதை மும்மூன்று ஒன்பதால் பெருக்க 315. அதைப் பதினாறால் பெருக்க 5040. ஆக, இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 5040. 1 முதல் 22 வரை எந்த எண்ணைக் கொண்டு வகுத்தாலும் மீதி வராது. 23இல்தான் முதன்முதலாக மீதி வருகிறது. அந்த மீதி 17. இந்த 23ஐ மறந்துவிடாதீர்கள். பிறகு அதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இனி இராமானுஜனிடம் வருவோம். 1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். பள்ளிக்கூடத்தில் பரிசுகள் வாங்கிய பிள்ளை, கல்லூரிக்குப் போனதும் கணக்கு ஒன்றிலேயே மனத்தை வைத்து மற்றப் பாடங்களில் கோட்டை விட்டார். எஃப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவில்லை. தேறியோர் பட்டியலில் அவருடைய பெயரே விழவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். 1912 மார்ச் முதலாம் திகதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிளார்க்காகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

போன மறு ஆண்டு, 1915இல், இலண்டன் கணிதவியற் சங்கத்தின் ஏட்டில் பெரும்பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளியாயிற்று. அச்சில் அறுபது பக்கங்களுக்கு மேல். அந்த ஆய்வுக்காகவே 1916இல் கேம்பிறிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவர் அங்கே பட்டதாரியானார். 1918இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரும் ஆனார். 1920 ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில், முப்பத்திரண்டாவது வயதில், காலமானார்.

அந்தக் கட்டுரையில் பெரும்பகு எண்களின் பட்டியல் ஒன்று உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள். 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800 என்ற எண்ணோடு பட்டியல் முடிகிறது. கணினி இல்லாத காலம். எல்லாம் கைக்கணக்கு. அந்த நீண்ட பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 24,094 கோடியே 2 இலட்சத்து 99 ஆயிரத்து 600 என்ற எண்ணிலிருந்து பட்டியல் நேராக 32,125 கோடியே 37 இலட்சத்து 32 ஆயிரத்து 800 என்ற எண்ணுக்குத் தாவுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்றிருக்க வேண்டியது எது தெரியுமா? நான் கரும்பலகையில் எழுதிய எண்தான்.

இதை நான் சொன்னபோது பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இராமானுஜனே கணக்கில் ஒன்றை விட்டிருக்கிறார் என்றால், நாங்கள் விடக்கூடாதா என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு, கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. "சேர், பட்டியல்ல இல்லாத காலம் முழுக்க அது பெரும்பகு எண்ணா இருந்திச்சா, இல்லையா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி என்னைச் சற்று நேரம் நிறுத்திவிட்டது. கணித ஆசிரியராக இருந்தால் உடனே விடை சொல்லியிருப்பார். எனக்கோ ஏறக்குறைய இதே கேள்வியை முன்னொரு தடவை கேட்ட ஞாபகம். அதைக் கேட்டவர் என் அம்மா.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மா கொழுந்து பறிக்கப் போவார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மலையில் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் விழுந்த பேர்களை எண்ணித்தான் சம்பளம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் காம்பராக் கதவுக்குப் பின்னால், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டு வைப்பார். ஒரு மாதம் கதவில் 21 கோடு இருந்தது. செக்ரோலில் இருந்தது 20 பேர்.

அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போனார். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இங்க இல்லையே, அன்னைக்கு நீ வேலைக்கு வரலை" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். புத்தகத்தில் இல்லாததை அவர் எப்படிச் சொல்வார்? அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஐயா, செக்ரோல்ல பேரு விழலேன்னா, நான் அன்னைக்கு மலையில நிக்கலேன்னு ஆயிருமா?" என்று கேட்டார்.

கணக்கப்பிள்ளை சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் புத்தகத்தை எடுத்துவரச் செய்தார். அதில் அந்தத் திகதியில் அம்மாவின் பெயருக்கு நேரே 14 கிலோ என்று இருந்தது. ஒரு புத்தகத்திலிருந்து மற்றதற்கு எழுதும்போது ஒரு வரி தவறியிருக்கிறது. அடுத்த சம்பளத்தில் அந்த ஒரு பேரும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தோம் என்பது எனக்கு நினைவில்லை. கதவிலிருந்த 21 கோடுகளையும் அம்மா ஈரத்துணியால் துடைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த மாணவிக்கு இந்தக் கதையைத்தான் விடையாகச் சொன்னேன். எண் தன் குணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 5040 காரணிகளையும் யாரும் அதற்குக் கொடுக்கவில்லை. பட்டியல் என்பது, அது இன்ன இனம் என்று கண்டவர் எழுதி வைத்த குறிப்பு. குறிப்பில் தவறினால் தவறியது குறிப்புத்தான். சந்தேகமென்றால் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியே செய்தோம். வகுப்பையே குழுக்களாகப் பிரித்துப் பெருக்க வைத்தேன். 2ஐ ஆறு தடவை பெருக்கினால் 64. 3ஐ நான்கு தடவை பெருக்கினால் 81. இரண்டையும் பெருக்கினால் 5184. அதை 25ஆல் பெருக்க 129600. அதை 49ஆல் பெருக்க 6350400. 11ஆல் பெருக்க 69854400. 13ஆல் பெருக்க 908107200. 17ஆல் பெருக்க 15437822400. கடைசியாக 19ஆல் பெருக்கியபோது கரும்பலகையில் இருந்த பன்னிரண்டு இலக்கங்களும் அச்சொட்டாக வந்து நின்றன. கைதட்டினார்கள்.

கொப்பியில் மேலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவன், "சேர், 23ஆல பெருக்கிப் பாருங்க" என்றான். பெருக்கினோம். 6746328388800 வந்தது. இராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்கும் எண் அதுதான்! விடுபட்ட எண்ணுக்கு முன்னே நிற்கும் எண்ணிலும் 23 உண்டு. பின்னே நிற்கும் எண்ணிலும் 23 உண்டு. நடுவில் நின்ற இதற்கு மட்டும் 23 இல்லை. ஆனால் பட்டியல் எந்த எண்ணோடு நிறைவு பெறுகிறதோ, அந்த எண் இதையே 23ஆல் பெருக்கக் கிடைப்பது. வெளியே நிறுத்தப்பட்டதாக நாம் நினைத்தது, கடைசி எண்ணின் உள்ளே முழுதாக இருந்திருக்கிறது.

இராமானுஜனைக் குறை சொல்வதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அவருக்கே இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. இலண்டன் கணிதவியற் சங்கத்துக்கு அப்போது பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி நிக்கோலா, ரொபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புரையோடு 1997இல்தான் ஆய்விதழில் வெளியாயிற்று. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அத்தனை காலமும் ஆய்விதழில் வராமல் இருந்ததால் அந்தத் தேற்றங்கள் பொய்யாகிவிடவில்லை.

நமது எண்ணுக்கு 5040 காரணிகள் என்று சொன்னேன் அல்லவா? இந்த 5040 என்பதும் ஒரு பெரும்பகு எண்தான். அதற்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டிலே கிரேக்க ஞானி பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற தம் நூலில் ஓர் இலட்சிய நகரத்தைக் கற்பனை செய்தார். அதிலே காணியுடைய குடிகள் சரியாக 5040 ஆக இருக்க வேண்டும் என்றார். காரணம் கணக்குத்தான். 5040ஐ, அதை விட்டுவிட்டால், 59 எண்கள் மீதியின்றி வகுக்கும். ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணும் தவறாது. காணி பிரிக்கலாம், வரி பிரிக்கலாம், படை பிரிக்கலாம். 11ஆல் வகுபடாது. இரண்டு குடியைக் கழித்துவிட்டால் அதற்கும் வகுபடும் என்றும் சொல்லி வைத்தார். 5038ஐப் பதினொன்றால் வகுத்துப் பாருங்கள், 458 வரும்.

கணக்கு அழகானது. ஆனால் அந்த அழகைக் காப்பாற்ற வேண்டுமே! பிள்ளைகள் பிறந்து தொகை கூடினால் என்ன செய்வது? மிகுந்தவர்களை வேறிடத்தில் குடியேற அனுப்பிவிட வேண்டும் என்றார். வெளியூரிலிருந்து வந்து வேலை செய்வோருக்கு இருபது ஆண்டுத் தவணை. தவணை முடிந்தால் தம் பொருளை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரகலப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது கிரேக்கத்துக் கதையாகத் தோன்றவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களைக் குடிகளின் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே இல்லாத லயங்களில் பாட்டன் காலத்துப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் ஓர் எண்ணைப் பங்கிட்டன. அந்த எண் 975,000.

இதையும் பிரித்துப் பார்ப்போம். 975,000 என்பது 75,000ஐப் பதின்மூன்று தடவை வைத்தது. ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு 525,000 பேர். அது ஏழு பங்கு. இலங்கைக்கு 300,000 பேர். அது நான்கு பங்கு. மிஞ்சியவர்கள் 150,000 பேர், இரண்டு பங்கு. அவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வதாக விட்டுவிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்த இரண்டு பங்கையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். எட்டும் ஐந்தும் பதின்மூன்று. பதின்மூன்று ஒரு முதன்மை எண். அதை எந்தக் கணக்கப்பிள்ளையாலும் சரிசமமாகப் பிரிக்க முடியாது. தாள்மேல் மீதி வராமல் கணக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் கோடு விழுந்த இடம் ஒரே காம்பராவின் நடுவாக இருந்தது. அண்ணன் ஒரு பங்கில், தங்கை மறு பங்கில்.

நான் சொல்வது என் அப்பாயியின் கதை. அப்பாயியின் அண்ணனும் அவர் குடும்பமும் 1970களில் இந்தியாவுக்குப் போனவர்கள். அப்பாயி இங்கே நின்றுவிட்டார். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கும்பகோணத்து இராமானுஜன் சிலேட்டில் கணக்குப் போட்ட கதையை அடுப்படியில் இருந்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாயி வெகுநேரம் கேட்டுவிட்டு, "இராமானுஜமா? அது எங்கண்ணனைக் கொண்டு போன கப்பலுல்லடா" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பலுக்கு 'இராமானுஜம்' என்று பெயர். 1984இல் அந்தச் சேவை நின்றுபோயிற்று. உலகத்துக்கெல்லாம் கணிதமாக ஒலிக்கிற பெயர், எங்கள் லயத்தில் பிரிவாக ஒலித்திருக்கிறது. "அந்தக் கப்பல்ல எத்தனை பேரு போனாங்கன்னு உம் பொத்தகத்துல போட்டிருக்கா?" என்று அப்பாயி கேட்டார். தொகை போட்ட புத்தகங்கள் இருக்கின்றன, அப்பாயி, என்றேன். "அண்ணன் பேரு இருக்கா?" என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

எண்ணையும் மனிதரையும் ஒப்பிட்டுப் பேசிவிட்டேன். ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுபட்ட எண் எத்தனை காலமும் காத்திருக்கும். அதற்குப் பசி இல்லை, கலியாண வயதில் பிள்ளைகள் இல்லை, அடையாள அட்டை கேட்கும் சோதனைச் சாவடி இல்லை. பட்டியலில் விடுபட்ட மனிதருக்கு இவ்வளவும் உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்து நாடற்றவர் என்ற பெயர் சட்டத்தில் நீங்குவதற்கு, 1948இலிருந்து எண்ணினால், 55 ஆண்டுகள் ஆயின. அதற்குள் என் தாத்தா போய்விட்டார். பட்டியல் திருத்தப்பட்டதை அவர் பார்க்கவில்லை. நாட்டின் குடி என்று ஒரு தாளும் அவர் கையில் இருக்கவில்லை. ஆனால் அவர் நட்ட சவுக்கு மரங்கள் இன்னும் தோட்டத்துப் பாதையோரம் நிற்கின்றன.

ஆகையால் நேயர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய சம்பளத் துண்டோ, பிரசாவுரிமைப் பத்திரமோ, கடவுச்சீட்டோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள். எரித்துவிடாதீர்கள். கப்பலேறிப் போனவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் சில பெயர்களைக் கேட்கத் தவறிவிட்டேன். அப்பாயியின் அண்ணன் பெயரை மட்டும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய பிள்ளைகள் ஐந்து பேரில் மூவரின் பெயர்தான் அப்பாயிக்கு ஞாபகம் இருந்தது.

அந்தப் பாடவேளை முடிந்து மணி அடித்தபோது, கரும்பலகையைத் துடைக்கப் போனேன். அந்த மாணவி ஓடிவந்து, "இருக்கட்டும் சேர், நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லி, பன்னிரண்டு இலக்கங்களையும் தன் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள். இராமானுஜனின் பட்டியலில் அந்த எண் நின்றிருக்க வேண்டிய இடத்தையும், முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு எண்களையும் என்னிடம் கேட்டு எழுதினாள். நடுவில் தன் எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டாள்.